அப்பா பேசிய வீரம்

மிளகின் காரமும் பனங்கற்கண்டின் இனிப்பும் கலந்த ஒரு வாசனை அப்பாவின் மூச்சில் வந்தால் அன்று எங்கோ ஒரு மேடை இருக்கிறது என்று அர்த்தம். இரண்டையும் வெந்நீரில் தட்டிப்போட்டு, ஆறுவதற்கு முன்பே மடக் மடக்கென்று குடித்துவிட்டு, கழுத்தைச் சுற்றி ஒரு துண்டைக் கட்டிக்கொண்டு, பஸ் ஏறும்வரை யாரோடும் பேசாமல் இருப்பார். அம்மா அதற்குச் "சபைக் கஷாயம்" என்று பெயர் வைத்திருந்தாள். நான் அவர் மடியில் உட்கார்ந்து போகும்போது அந்த வாசனை என் உச்சந்தலையில் இறங்கும். உலகத்தில் பயப்படாத ஒரே மனிதருடைய மூச்சு அது என்று அப்போது நினைத்திருந்தேன்.

அப்பாவுக்கு ராசிபுரத்தில் லாரி ஸ்பேர் பார்ட்ஸ் கடை. பகலெல்லாம் பேரிங்கும் பிரேக் லைனிங்கும் எடுத்துக் கொடுத்துக் கிரீஸ் படிந்த விரல்களை, பட்டிமன்றம் உள்ள நாட்களில் மட்டும் சீயக்காய் போட்டுத் தேய்த்துக் கழுவுவார். தமிழ் படித்தவர், வாத்தியார் வேலை கிடைக்காமல் கடைக்கு வந்தவர். கிடைக்காத வகுப்பறையைத்தான் மேடைகளில் தேடினார் என்பது எனக்குப் பின்னால் புரிந்தது. பங்குனி, சித்திரை மாதங்களில் ஊர் ஊராகக் கோயில் நோம்பி, எங்கள் பக்கத்துத் திருவிழா, வரும்; நோம்பிக்கு நோம்பி ஒரு பட்டிமன்றம் நடக்கும். எல்லாவற்றுக்கும் என்னைக் கூட்டிப்போவார். மேடை ஓரத்தில் எனக்கென்று ஒரு நாற்காலி போடுவார்கள். "பேச்சாளர் பாப்பா" என்று கூப்பிட்டுக் கலர் சோடா வாங்கித் தருவார்கள். ஒன்பது வயதுப் பெண்ணுக்கு இதைவிடப் பெரிய பெருமை என்ன வேண்டும்.

அந்த வருடம் எங்கே போனாலும் ஒரே தலைப்புதான்: வீரத்தை நமக்கு உணர்த்துவது இலக்கியமா, வரலாறா. அப்பா இலக்கிய அணி. பழைய பாட்டுகளில் வரும் மறவர்களை ஒருவர் பின் ஒருவராக மேடைக்கு அழைத்து வருவார். மார்பில் புண்பட்டவனைக் கொண்டாடிய ஊரையும், முதுகில் புண்பட்டதற்கு நாணி உண்ணாமல் உயிர்விட்ட அரசனையும் சொல்லிக்கொண்டே வந்து, கடைசியில் தன் மார்பில் உள்ளங்கையால் ஓங்கி அறைவார். அந்த அறை மைக்கில் விழுந்து, புளியமரத்தில் கட்டிய குழாய் ஒலிபெருக்கிகளில் இடிபோல் கிளம்பும். கூட்டம் விசிலடிக்கும். எந்த வரியில் அறை விழும் என்று எனக்கு மனப்பாடம். அதற்கு ஒரு மூச்சு முன்பே கைதட்டத் தயாராகிவிடுவேன்.

எதிர் அணியில் பெரும்பாலும் ஸ்டெல்லா டீச்சர் வருவார். சேலத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் வரலாறு நடத்திக்கொண்டிருந்தார். ஒல்லியான தேகம், தடித்த கண்ணாடி, கழுத்தில் சின்னதாய் ஒரு சிலுவை. மைக்கைச் சரியாகப் பிடிக்கத் தெரியாது. குரல் பாதிக் கூட்டத்துக்கு எட்டாது. "இலக்கியத்துல வர்ற வீரனுக்குப் பயமே இல்லைங்க, ஏன்னா அவனை எழுதினவரு அவனுக்குப் பயத்தைக் கொடுக்கல. வரலாற்றுல இருந்தவங்களுக்கு உடம்பு இருந்துச்சு. சங்ககிரிக் கோட்டையில தூக்குக்குப் போனவங்களுக்குக் கால் நடுங்கியிருக்கும். நடுங்கின காலோட போனாங்க பாருங்க, அதைத்தான் நான் வீரம்னு சொல்றேன்" என்பார். கூட்டம் எழுந்து வேர்க்கடலை வாங்கப் போய்விடும். நடுவர் ஒவ்வொரு முறையும் அப்பா பக்கமே தீர்ப்புச் சொல்வார். டீச்சர் சிரித்துக்கொண்டே வந்து, "சார் நெஞ்சுல அடிச்சா நான் என்ன பண்ண முடியும்" என்று சொல்லிவிட்டு என் கன்னத்தைத் தட்டுவார்.

அந்த வருடம் ஒருநாள் வெண்ணந்தூர்ப் பக்கம் ஒரு கிராமத்தில் மத்தியானப் பட்டிமன்றம். முடிந்ததும் நடுவர் காரில் போய்விட்டார். அப்பா, டீச்சர், நான் மூன்று பேரும் மெயின் ரோட்டுக்கு வந்து ஓர் ஓட்டல் முன்னால் பஸ்ஸுக்காக நின்றோம். வெயில் தாழ்ந்திருந்தது. லாரிகள் நிறுத்தும் இடம் அது. அப்பா எனக்கு ஒரு பன் வாங்கிக் கொடுத்தார். டீச்சரும் அவரும் பெஞ்சில் உட்கார்ந்து டீ குடித்தார்கள்.

ஒரு ஜீப் வந்து நின்றது. அதிலிருந்து இறங்கியவரை எனக்குத் தெரியும். பல லாரிகளுக்கு முதலாளி, அப்பாவின் கடைக்கு வந்து போகிறவர். அவரோடு இரண்டு ஆட்கள். அங்கே நின்ற லாரி ஒன்றின் பக்கம் போய், அருகே புளியமர நிழலில் உட்கார்ந்திருந்த டிரைவரைச் சட்டையைப் பிடித்துத் தூக்கினார்கள். செல்வராசு என்று அந்த டிரைவரின் பெயர் எனக்குப் பிறகுதான் தெரிந்தது. இருபத்தைந்து வயதுக்கு மேல் இருக்காது. டீசலைத் திருடி விற்றுவிட்டான் என்று முதலாளி கத்தினார். "நான் எடுக்கலீங்க மொதலாளி, சத்தியமா எடுக்கலீங்க" என்று அவர் சொல்லிக்கொண்டே இருந்தார். முதலில் கையால் அடித்தார்கள். பிறகு ஓர் ஆள் லாரிக்குள்ளிருந்து இரும்புக் கம்பியை எடுத்துக் கொடுக்க, முதலாளியே அதை வாங்கிச் செல்வராசுவின் முழங்காலில் அடித்தார்.

அந்தச் சத்தம் கேட்டபோது அப்பாவின் கை என் கண்ணை மூடியது. பெரிய கை, சீயக்காய் போட்டுத் தேய்த்தும் போகாத கிரீஸ் வாசனை. ஆனால் விரல்களுக்கு நடுவே இடைவெளி இருந்தது. நான் பார்த்தேன். இரண்டாவது அடியையும் மூன்றாவது அடியையும் பார்த்தேன். ஓட்டல்காரர், வேறு டிரைவர்கள், பஸ்ஸுக்கு நின்றவர்கள் எல்லாரும் வட்டமாக நின்றார்கள். யாரும் அசையவில்லை. நான் அழவில்லை. வாயில் இருந்த பன்னை மெல்லவும் முடியாமல் துப்பவும் முடியாமல் நின்றேன், அவ்வளவுதான்.

டீச்சர் எழுந்து போனார். டீ டம்ளரைப் பெஞ்சில் வைக்கத் தெரியாமல் கையிலேயே பிடித்துக்கொண்டு போனார். கை நடுங்கி, டீ சேலையெல்லாம் சிந்தியது. "விடுங்க, செத்துருவான், விடுங்க" என்றார். மேடையில் கேட்ட அதே மெல்லிய குரல்தான். ஓர் ஆள் அவரைத் தள்ளினான். கண்ணாடி கீழே விழுந்தது. அவர் தடவித் தடவி நகர்ந்துபோய்ச் செல்வராசுவின் காலுக்கும் கம்பிக்கும் நடுவே மண்ணில் உட்கார்ந்துகொண்டார். முதலாளி ஓங்கிய கம்பியை இறக்கினார். ஒரு பெண்பிள்ளையை, அதுவும் படித்தவரை, நடுரோட்டில் அடிப்பதற்கு அவருக்கும் மனம் வரவில்லைபோல. கம்பியைத் தூக்கி எறிந்துவிட்டு ஜீப்பில் ஏறிப் போய்விட்டார்.

ஓட்டல்காரர் ஒரு வேனை நிறுத்தினார். டீச்சர் கண்ணாடி இல்லாத கண்ணோடு எங்கள் பக்கம் திரும்பி, "சார், ஆஸ்பத்திரிக்குப் போகணும், நீங்களும் வாங்க. ஒரு ஆம்பளை கூட இருந்தா நல்லாருக்கும்" என்றார்.

"பொண்ணு இருக்குதுங்க டீச்சர்" என்றார் அப்பா.

டீச்சர் என்னைப் பார்த்தார். "ஆமாமா, பாப்பாவை ஊட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க" என்று உடனே சொன்னார். அவர் அதை நம்பித்தான் சொன்னார். அடுத்த பஸ்ஸில் ஏறினோம். வழியெல்லாம் அப்பா ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். வீட்டுக்கு வந்ததும் அம்மாவிடம் நான் எல்லாவற்றையும் ஒப்பித்தேன். கம்பியை, கண்ணாடியை, முழங்கால் வேறு பக்கம் திரும்பியிருந்ததை. அம்மா என் வாயைப் பொத்தி, "தூங்கு கண்ணு" என்றாள்.

டீச்சர் போலீசில் எழுதிக் கொடுத்தார். ஓட்டல் முன்னால் நின்றவர்களில் தனக்குப் பெயர் தெரிந்த ஒரே ஆள் அப்பாதான் என்பதால் அவர் பெயரையும் சொல்லியிருந்தார். அதற்குச் சில நாள் கழித்து, நான் பள்ளிக்கூடம் விட்டுக் கடையில் உட்கார்ந்திருந்தபோது அந்த முதலாளி வந்தார். வழக்கம்போல ஸ்டூலில் உட்கார்ந்தார். டீ வாங்கிவரச் சொன்னார். மழை இல்லாததைப் பற்றிப் பேசினார். எழுந்து போகும்போது என் தலையில் கை வைத்து, "ஏனுங்க, பாப்பா எந்தப் பள்ளிக்கூடத்துல படிக்குதுங்க" என்று கேட்டார். அப்பா சொன்னார். "தூரமாச்சே. தனியாவா போய்ட்டு வருது" என்றார் அவர். வேறு ஒரு வார்த்தையும் இல்லை. டீக்கு நன்றி சொல்லிவிட்டுப் போனார். அப்பா நெடுநேரம் ஒரே பேரிங்கைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார்.

இதை நான் மறைக்காமல் எழுத வேண்டும். அப்பா பயந்தது தனக்காக மட்டும் அல்ல. என் தலையில் வைக்கப்பட்ட அந்தக் கையை அவர் பார்த்தார். அதனால்தான் அவரை என்னால் முழுதாகக் குற்றம் சொல்ல முடிந்ததில்லை. முழுதாக விட்டுவிடவும் முடிந்ததில்லை.

போலீஸ் கேட்டபோதும், நீண்ட காலம் கழித்துக் கோர்ட்டில் கேட்டபோதும் அப்பா ஒரே பதிலைச் சொன்னார். கோர்ட்டுக்குப் போய் வந்த அன்று அம்மா சோறு போட்டுக்கொண்டே, "என்னங்க சொன்னீங்க" என்று கேட்டாள். அப்பா தட்டைப் பார்த்தபடி சொன்னார்: "உள்ளதைத்தான் சொன்னேன். புள்ள பயந்து அழுதுட்டு நின்னுச்சு, அதையே பாத்துட்டிருந்தேன், வேற எதையும் கவனிக்கலைன்னு சொன்னேன்." பிறகு என் பக்கம் திரும்பினார். "நீ அழுதியல்ல சாமி."

அவர் குரலில் கேள்வி இல்லை, கெஞ்சல் இருந்தது. மேடையில் ஆயிரம் பேரை அடக்கிய குரல் என்னிடம் ஏதோ யாசிப்பது எனக்குத் தாங்கவில்லை. "ஆமாங்கப்பா" என்றேன். அம்மா என்னை ஒரு முறை பார்த்தாள். நான் அவளிடம் என்ன சொல்லியிருந்தேன் என்பது அவளுக்கு மறந்திருக்காது. குழம்புக் கரண்டியை மறுபடியும் சட்டியில் விட்டு, "இன்னும் கொஞ்சம் ஊத்தட்டுங்களா" என்று அப்பாவைக் கேட்டாள். எங்கள் வீட்டில் அந்த வழக்கு அன்றைக்கு அப்படி முடிந்தது.

கோர்ட்டிலும் முடிந்தது. கண்ணாடி இல்லாமல் பத்தடி தாண்டித் தெரியாத ஒருவருடைய சாட்சி போதாது என்று எதிர்த்தரப்பு வக்கீல் வாதாடினாராம். கண்ணாடி விழுந்தது அடி விழுந்த பிறகுதான் என்று சொல்வதற்கு, திருட்டுப் பழி விழுந்த செல்வராசுவைத் தவிர, இன்னொரு வாய் இல்லை. முதலாளி விடுதலையானார். செல்வராசுவின் கால் மடங்காமலே போயிற்று. லாரி ஓட்டும் பிழைப்பும் போயிற்று. டீசல் திருடினவன் என்ற பேர் மட்டும் ஒட்டிக்கொண்டது.

இதற்கு நடுவே அப்பா பேசுவதை நிறுத்தவில்லை. முன்பைவிட நன்றாகப் பேசினார் என்றுகூடச் சொல்லலாம். மார்பில் அறை விழுந்தது. கூட்டம் விசிலடித்தது. நானும் அந்த வரிக்கு ஒரு மூச்சு முன்பே கையைத் தூக்கினேன். உள்ளங்கைகள் சேரும்போது மட்டும் ஏதோ ஈரமானதைத் தொட்டதுபோல் இருக்கும். ஸ்டெல்லா டீச்சரை அதன்பின் யாரும் கூப்பிடவில்லை. நோம்பிக் கமிட்டிகளுக்கு லாரிக்காரர்கள்தான் பெரிய நன்கொடையாளர்கள். வேண்டாத ஆளை எதற்கு மேடையேற்ற வேண்டும் என்று நினைத்திருப்பார்கள்.

நான் பிளஸ் ஒன் படிக்கும்போது சேலத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் பட்டிமன்றம் வைத்தார்கள். பழைய தலைப்பு. நடத்தியவர்களுக்குப் பழைய கதை தெரியாது. எதிர் அணிக்கு ஸ்டெல்லா டீச்சரை அழைத்துவிட்டார்கள். அவர் மேடையேறுவதைக் கண்டதும் அப்பாவின் முகம் வெளுத்தது. தண்ணீர் கேட்டார், உடனே இன்னொரு முறை கேட்டார். டீச்சர் எதையாவது சொல்லிவிடுவார் என்று நானும் நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தேன். சொல்லிவிட வேண்டும் என்று எனக்குள் ஒரு பாதி விரும்பியது. அவர் கோட்டைகளைப் பற்றியும் பஞ்சத்தைப் பற்றியும் பேசினார். தலைப்பைத் தாண்டி ஒரு சொல் பேசவில்லை. அப்பா எழுந்து பேசினார். மார்பில் அறையும் வரி வந்தது. கையைத் தூக்கினார், சட்டைப் பையில் இருந்த கைக்குட்டையை எடுத்து நெற்றியைத் துடைத்துக்கொண்டார். கூட்டத்துக்கு எதுவும் தெரியவில்லை. தீர்ப்பும் வழக்கம்போல அவர் பக்கம்தான்.

கீழே இறங்கி வந்ததும் டீச்சர் எங்களிடம் வந்தார். என் கன்னத்தைத் தட்டுவதற்குக் கையை உயர்த்த வேண்டியிருந்தது. நான் அவரைவிட வளர்ந்திருந்தேன். "நல்லா படிக்கிறியாம்மா" என்று கேட்டார். பிறகு அப்பாவைப் பார்த்து, கோபம் இல்லாத குரலில் சொன்னார்: "கோர்ட்டுல நீங்க சொன்னதை நான் வெளிய நின்னு கேட்டேன் சார். பயம் எல்லாருக்கும் உண்டு, அதை நான் குத்தமா சொல்ல மாட்டேன். ஆனா பாப்பா அன்னைக்கு அழல. உங்க பயத்தை அவ பேர்ல எழுதி வச்சிட்டீங்க. இனிமே அப்படிச் சொல்லாதீங்க. அவ அதைச் சுமந்துட்டுத் திரிவா."

அப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வாசலுக்கு நடந்தார். பஸ்ஸில் எனக்கு ஜன்னல் சீட்டைக் கொடுத்துவிட்டு, "காத்து வருதா சாமி" என்று மட்டும் கேட்டார். அதன்பின் வீரத்தைப் பற்றிப் பேச யார் அழைத்தாலும் தொண்டை சரியில்லை என்று சொல்லிவிடுவார். கூட்டுக்குடும்பமா தனிக்குடும்பமா, மாமியாரா மருமகளா என்ற தலைப்புகளுக்குப் போனார். மக்கள் இன்னும் அதிகமாகச் சிரித்தார்கள். முன்பைவிட அதிக மேடைகள் கிடைத்தன.

எனக்குக் கல்யாணம் ஆன பிறகு ஒருநாள், கடையில் அவரும் நானும் மட்டும் இருந்தபோது, எப்படியோ கேட்டுவிட்டேன். "அன்னைக்கு என் கண்ணை மூடினீங்களேப்பா, ஞாபகம் இருக்குதுங்களா." அவர் யோசிக்காமல் சொன்னார்: "ஆமா சாமி. நீ அதையெல்லாம் பாக்கக் கூடாதுன்னுதான்." சொல்லி முடித்த பிறகே, தானும் அதைப் பார்த்ததை ஒப்புக்கொண்டுவிட்டோம் என்று அவருக்கு உறைத்தது. கல்லாப்பெட்டியின் மேல் வைத்த கையை எடுக்கவில்லை. நானும் மேலே கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பாரோ என்று இப்போது தோன்றுகிறது. இன்னும் ஒரே ஒரு கேள்வி கேட்டிருக்கலாம். எழுந்து டீ வாங்கிவரப் போனேன்.

அப்பா இறந்தபோது ஊரெல்லாம் சுவரொட்டி ஒட்டினார்கள். சிங்கக் குரல் ஓய்ந்தது என்று பெரிய எழுத்தில் போட்டிருந்தார்கள். மூன்றாம் நாள், வந்தவர்கள் எல்லாரும் போன பிறகு, ஒருவர் ஒரு காலை நீட்டி நீட்டி வைத்து வாசலுக்கு வந்தார். தலை நரைத்திருந்தது. அந்தக் காலைப் பார்த்ததுமே யாரென்று தெரிந்துவிட்டது. பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்தேன். அம்மா அவரைப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

"சுவத்துல போட்டோ பாத்தனுங்க. அதான் ஒரு எட்டு வந்துட்டுப் போலாம்னு" என்றார் செல்வராசு. அப்பாவின் படத்தைக் கும்பிட்டார். பிறகு ஏதோ நல்ல செய்தி சொல்கிறவர்போலப் பேசினார். "அவரு பேச்சுன்னா எனக்கு உசுருங்க. அன்னைக்கு மத்தியானம் வண்டியை நிறுத்திட்டுக் கோயில்ல நின்னு முழுசாக் கேட்டனுங்க. பொறவுதான் அங்க வந்து நிழல்ல உக்காந்தேன். மொத அடி விழுறப்பவே அவரு நிக்கறதைப் பாத்துட்டேன். சரி, இவரு இருக்கறாரு, நாம பொழச்சோம்னு நெனச்சனுங்க."

அவர் குத்திக்காட்டவில்லை. அதுதான் கொடுமை. நான் நின்ற இடத்திலேயே நின்று, முப்பது வருடமாக யாரும் கேட்காத சாட்சியைச் சொன்னேன். "அப்பா பாத்தாருங்க. நானும் பாத்தேன். நான் அழுவலீங்க."

செல்வராசு தலையை ஆட்டினார். "இப்பச் சொல்லி என்னங்க ஆவுது" என்றார். அதிலும் கோபம் இல்லை. கரண்ட் பில் கட்டும் தேதி தாண்டிவிட்டது என்று சொல்வதைப் போலச் சொன்னார். தண்ணீர் வாங்கிக் குடித்தார். கிளம்பும்போது, "அயோத்தியாப்பட்டணத்துல பொட்டிக்கடை வச்சிருக்கறேன். அந்தப் பக்கம் வந்தா எட்டிப் பாருங்க சாமி" என்றார்.

இப்போது நான் சேலத்தில் இருக்கிறேன். வெண்ணந்தூர் ரோட்டில் அந்த ஓட்டல் இல்லை. லாரிகள் நின்ற இடத்தில் புளியமரம் ஒன்றுகூட இல்லை. எந்த இடத்தில் கம்பி விழுந்தது என்று காட்டச் சொன்னால் எனக்கே காட்டத் தெரியாது. கோயில் நோம்பிகளில் பட்டிமன்றம் நின்று ஆர்கெஸ்ட்ரா வந்துவிட்டது. அந்த முதலாளி இறந்து, லாரிகளை அவர் பிள்ளைகள் விற்றுவிட்டார்கள். ஸ்டெல்லா டீச்சர் ஓய்வு பெற்றுக் கொண்டப்பநாயக்கன்பட்டியில் மகளோடு இருக்கிறார். கிறிஸ்துமஸுக்குப் போனால் அடையாளம் கண்டு கேக் கொடுக்கிறார், பழையதைப் பேசுவதில்லை. இலக்கியமா வரலாறா என்று இன்று யாராவது என்னிடம் கேட்டால் தீர்ப்புச் சொல்ல எனக்குத் தகுதி இல்லை. இரண்டிலும் இல்லாத ஒரு பெண்மணி சிந்திய டீயோடு எழுந்து போனதைப் பார்த்தேன் என்று மட்டும் சொல்ல முடியும்.

அயோத்தியாப்பட்டணம் போகும் டவுன் பஸ் எங்கள் தெருமுனையிலேயே நிற்கிறது. அரை மணி நேரப் பயணம். ஒரு முறை ஏறி, டிக்கெட்டும் வாங்கி, அம்மாபேட்டையிலேயே இறங்கித் திரும்பிவிட்டேன். அவர் என்னை உட்காரச் சொல்லி ஒரு சோடாவை உடைத்துக் கொடுப்பார் என்று எனக்குத் தெரியும். அதை எப்படிக் குடிப்பது என்றுதான் தெரியவில்லை. இன்னும் போகவில்லை.